'நாங்கள்' பார்க்கும் நகரம்: டெட்ராய்ட்டின் நடைபாதையும் சாப்பாட்டு மேசையும்

2017 ஜூலையில் டெட்ராய்ட் நகரத்தின் உட்வர்ட் அவென்யூவில், ஒரு பழைய கட்டடத்தின் கண்ணாடிச் சன்னல்களில் பெரிய விளம்பரம் ஒன்று ஒட்டப்பட்டது. படத்தில் ஒரு கூட்டம், கொண்டாட்டமாக. கூடவே, 'நாங்கள் பார்க்கிற மாதிரி டெட்ராய்ட்டைப் பாருங்கள்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம். கூட்டத்திலிருந்த முகங்கள் அநேகமாக எல்லாம் வெள்ளை முகங்கள். ஊரிலோ ஏறத்தாழப் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பர்கள். கூச்சல் எழுந்தது. கட்டட நிறுவனத்தின் முதலாளி டான் கில்பர்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வேலை பாதியில் நின்றது, இன்னும் படங்கள் வரவேண்டியிருந்தன என்று சமாதானமும் சொல்லப்பட்டது. விளம்பரத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தவறு நடந்தது, திருத்தப்பட்டது என்கிற அளவில் விஷயம் முடிந்துபோனது.

முடியவில்லை என்பது என் கருத்து. தமிழ் இலக்கணம் கொஞ்சம் படித்தவனுக்கு இந்த வாசகத்தை வாசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். கேட்பவனை உள்ளே சேர்க்கிறதா, வெளியே நிறுத்துகிறதா என்று அது காட்டிக்கொள்ளாது. தமிழில் அப்படி மழுப்ப முடியாது. நாமா, நாங்களா? முன்னிலையானை உளப்படுத்திச் சொல்வதா, அவனை விலக்கிச் சொல்வதா? முடிவெடுத்தே தீர வேண்டும். 'நாம் பார்க்கிற மாதிரி பாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு வராது. பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் மறுபக்கம் என்று வாக்கியத்தின் எலும்பிலேயே கோடு போட்டிருக்கிறது. நாலு கறுப்பு முகங்களைச் சேர்த்து ஒட்டியிருந்தாலும் அந்தக் கோடு அழிந்திருக்காது. நகர மையங்களுக்கு 'உயிரூட்டுகிற' சொல்லாடல் முழுவதிலும் ஓடுகிற 'நாங்கள்' யார் என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் அந்த ஊரை நேரில் பார்த்தவனல்ல. ஆனால் சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று தொழில்துறைக்காரர்கள் மேடைக்கு மேடை பெருமையடித்துக்கொள்ளும்போது, அசல் டெட்ராய்ட்டுக்கு என்ன நேர்ந்தது, நேர்ந்தபிறகு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு வெட்டிவேலை இல்லை.

மருந்து எளியது. செத்துக்கொண்டிருக்கிற நகர மையத்தில் மனிதர்களை நடக்க வை. நடைபாதையை அகலமாக்கு, மரம் வை, நாற்காலி போடு. அப்புறம் சாப்பாட்டுக் கடைகள். தாய்லாந்துச் சாப்பாடு ஒன்று, எத்தியோப்பியச் சாப்பாடு ஒன்று, மெக்சிகோ ஒன்று, காப்பிக் கடை நாலு. கூட்டம் வரும், கூட்டத்தைப் பார்த்து இன்னும் கூட்டம் வரும், வாடகை ஏறும், வரி வரும், ஊர் பிழைத்துக்கொள்ளும். நொடித்துப்போன அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றிலும் மேயரிலிருந்து ரியல் எஸ்டேட்காரர் வரை ஒப்பிக்கிற பாடம் இது. கெட்ட பாடம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. கார் இல்லாமல் நடமாடக்கூடிய தெரு, பல கைகளின் சமையல் கிடைக்கிற தெரு, இவற்றை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? சிக்கலே அதில்தான் இருக்கிறது. மறுக்க முடியாத நல்ல விஷயங்களை முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் என்ன நடக்கிறது என்பதை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடத்தின் மூலப் பிரதி ஜேன் ஜேக்கப்ஸ் 1961ல் எழுதிய அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும் பற்றிய நூல். ஜேக்கப்ஸ் பட்டம் வாங்கிய திட்ட வல்லுநர் அல்ல, பத்திரிகைக்காரர். நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு ரோடு போட வந்தபோது அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு நின்றவர். தெரு உயிரோடிருக்க நாலு நிபந்தனைகள் சொன்னார். பல பயன்பாடுகள் கலந்திருக்க வேண்டும், தெருத் துண்டுகள் குட்டையாயிருக்க வேண்டும், ஆள் அடர்த்தி வேண்டும், பழைய கட்டடங்கள் வேண்டும். கடைசி நிபந்தனையைத்தான் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்தார்கள். பழைய கட்டடம் என்று அவர் சொன்னது பழமையழகுக்காக அல்ல. வாடகை குறைவு என்பதற்காக. புதுக் கட்டடத்தின் வாடகையைச் சின்னக் கடைக்காரன் கொடுக்க முடியாது என்கிற எளிய கணக்கு. இன்று அதே செங்கல் சுவரைச் சுரண்டித் தேய்த்து விளக்குப் போட்டு, அந்த அழகுக்கே கூடுதல் வாடகை வாங்குகிறார்கள்.

1980ல் வில்லியம் வைட், நியூயார்க்கின் சின்னச் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்து, நகர்த்தி உட்காரக்கூடிய நாற்காலியும் தின்பண்டமும் இருக்கிற இடத்தில் கூட்டம் சேர்கிறது என்று காட்டினார். 2002ல் ரிச்சர்ட் ஃப்ளோரிடா, 'படைப்பாக்க வர்க்கம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். படித்த, கைநிறையச் சம்பாதிக்கிற இளைஞர்களைக் கவர்ந்திழுக்கிற ஊரே பிழைக்கும், அவர்கள் தேடுவது உயிர்த்துடிப்புள்ள தெருவும் காப்பிக் கடையும் பாட்டும் என்றார். இதனால் ஏழைகள் தூக்கியெறியப்படுகிறார்கள் என்பதை 2017ல் அவரே இன்னொரு புத்தகம் போட்டு எழுத வேண்டிவந்தது, அது தனிக்கதை. 2012ல் ஜெஃப் ஸ்பெக், நடக்கத்தக்க நகரத்துக்குப் பத்துப் படிகள் எழுதிக் கொடுத்தார். பத்தாவது படி, எந்தத் தெருக்கள் ஜெயிக்கும் என்று பார்த்துப் பொறுக்கியெடுத்து அங்கே மட்டும் காசைக் கொட்டு என்பது. எல்லாத் தெருவுக்கும் காசில்லை என்கிற நடைமுறை நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் ஜேக்கப்ஸிலிருந்து ஸ்பெக் வரை வருவதற்குள் நடப்பவன் ஆளே மாறிப்போனான். முதலில் அவன் தெருவில் குடியிருந்தான், தெருவைக் கண்காணித்தான், இடிக்க வந்தவனோடு சண்டை போட்டான். கடைசியில் வாடிக்கையாளனாகிவிட்டான்.

தமிழில் இந்தக் கலைச்சொல்லை மொழிபெயர்க்கப் பார்த்தால் 'நடக்கத்தக்கமை' என்று ஏதாவது செய்யலாம். நாக்கில் ஒட்டாது. காரணம் மொழியின் குறை அல்ல. நம் மொழியில் நடைபாதை என்றதும் கூடவே நடைபாதைவாசி வந்துவிடுகிறான், நடைபாதைக் கடை வந்துவிடுகிறது, அதை அள்ளிப்போட்டுக்கொண்டு போகிற லாரியும் வந்துவிடுகிறது. நடப்பது இங்கே ரசனை அல்ல, வேறு வழியில்லாமை. அந்த ஞாபகத்தைத் துடைத்த பிறகே கலைச்சொல் வேலை செய்யும்.

டெட்ராய்ட்டிலும் அப்படி ஒரு துடைப்பு நடந்தது. 1950ல் அந்த ஊரின் மக்கள்தொகை 18.5 லட்சம். 2020ல் 6.4 லட்சத்துக்கும் கீழே. இந்தச் சரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை: 1967ல் கறுப்பர்கள் கலவரம் செய்தார்கள், 43 பேர் செத்தார்கள், வெள்ளையர்கள் பயந்து புறநகருக்கு ஓடினார்கள், ஊர் காலியாயிற்று. இந்தக் கதையாடலை 1996ல் வரலாற்றாசிரியர் தாமஸ் சக்ரூ உடைத்துப்போட்டார். 1947க்கும் 1963க்கும் இடையிலேயே டெட்ராய்ட் 1,34,000 ஆலை வேலைகளை இழந்துவிட்டது. கார்க் கம்பெனிகள் சங்கம் இல்லாத, நிலம் மலிவான இடங்களுக்கு ஆலைகளை நகர்த்திக்கொண்டிருந்தன. வெள்ளையர் வாங்கும் புறநகர் வீட்டுக்கு மத்திய அரசு கடன் உத்தரவாதம் கொடுத்தது, கறுப்பர் வாழும் பகுதிக்குச் சிவப்புக் கோடு போட்டது. 1941ல், எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில், கறுப்பர் குடியிருப்பையும் புதிதாக வரவிருந்த வெள்ளையர் குடியிருப்பையும் பிரித்து ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவரே கட்டினார்கள். கட்டினால்தான் கடன் உத்தரவாதம். உத்தப்புரம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுவர் இடிக்கப்படவில்லை, இன்று ஓவியங்கள் தீட்டப்பட்டு நிற்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். நடந்து போய்ச் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, முடிவெட்டி, துணி தைத்துக்கொண்டு திரும்பக்கூடிய ஒரு நகர மையம் டெட்ராய்ட்டில் இருந்தது. திட்டம் போட்டுத்தான் அதை அழித்தார்கள். பிளாக் பாட்டம் என்று அந்த இடத்துக்குப் பெயர். மண் கறுப்பாயிருந்ததால் பிரெஞ்சு விவசாயிகள் காலத்தில் வந்த பெயர் என்பார்கள். தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பர்களை வேறெங்கும் குடியிருக்க விடாததால் அங்கே நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அதையொட்டி பாரடைஸ் வேலி. நடுவில் ஹேஸ்டிங்ஸ் தெரு. உணவகங்கள், மருந்துக் கடைகள், விடுதிகள், இரவு கேளிக்கைக் கூடங்கள், அநேகமும் கறுப்பர்களே நடத்தியவை. ஜான் லீ ஹூக்கர் அங்கேதான் பாடித் திரிந்தார், 1948ல் அவர் பதிவுசெய்த பாட்டில் அந்தத் தெருவின் பெயரே வருகிறது. பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் தகப்பனார் பிரசங்கம் செய்த தேவாலயமும் அந்தத் தெருவில் இருந்ததுதான்.

குறையில்லாத சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வீடுகள் மோசம், கழிப்பறை மோசம், வாடகைக் கொள்ளை. அந்த மோசத்தையே காரணம் காட்டிச் 'சேரி ஒழிப்பு' என்றார்கள். 1950களில் பிளாக் பாட்டம் இடிக்கப்பட்டு நிலம் வருஷக்கணக்கில் களை மண்டிக் கிடந்தது. பிறகு அதில் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் போய் வியந்துவிட்டு வருகிறார்கள். ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேலேயே கிரைஸ்லர் நெடுஞ்சாலையைப் பள்ளம் தோண்டிப் போட்டார்கள், 1964ல் வேலை முடிந்தது. இடையில் 1956ல் ஊரின் டிராம் ஓட்டம் நிறுத்தப்பட்டு, வண்டிகள் மெக்சிகோ நகரத்துக்கு விற்கப்பட்டன.

ஆக, காலியான நகர மையம் என்பது இயற்கைச் சேதம் அல்ல. காலியாக்கப்பட்டது. காலியாக்கியதற்குப் பின்னால் இருந்த அதே நிலக் கணக்கு, நாற்பது ஐம்பது ஆண்டு கழித்து, 'ஐயோ, இங்கே ஆள் நடமாட்டமே இல்லையே' என்று கவலைப்படத் தொடங்குகிறது. உயிரூட்டல் என்கிற சொல்லுக்கு முன்நிபந்தனையாக ஒரு பிணம் தேவைப்படுகிறது. அந்த ஊரில் அப்போதும் ஏழு லட்சத்துக்குக் குறையாமல் உயிருள்ளவர்கள் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் வரவில்லை.

அவர்களில் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். 2015ல் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த செய்தி. ஓர் ஆலைத் தொழிலாளி, பழைய கார் பழுதாகிப் போனதிலிருந்து, பஸ் போகாத தூரமெல்லாம் கால்நடையாக, வேலை நாட்களில் சுமார் 21 மைல் நடந்து புறநகர் ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பனியிலும் வருஷக்கணக்காக. பஸ் ஏன் போகவில்லை என்றால், வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமை புறநகர் ஊர்களுக்கு இருந்தது. ஓக்லண்ட் மாவட்டத்தில் 2022 வாக்கெடுப்புக்குப் பிறகுதான் அந்த விலகல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் 2016ல் நாலு மாவட்டங்களுக்கும் பொதுவான போக்குவரத்து வரி வாக்குக்கு வந்து நூலிழையில் தோற்றிருந்தது. செய்தியைப் படித்த நல்ல மனிதர்கள் உருகி, ஆயிரக்கணக்கில் டாலர் திரட்டினார்கள். புதுக் கார் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உதவியவர்களின் மனம் பெரியது. ஆனால் ஒரே நகரத்தில், ஒரே பத்தாண்டில், ஒரு நடை நோயாகவும் இன்னொரு நடை மருந்தாகவும் வாசிக்கப்பட்டதை என்ன சொல்வது? வேலைக்கு நடப்பவனுக்குக் கார் கொடுத்து நடையிலிருந்து விடுவித்தார்கள். காரில் வருகிறவனுக்கு நடைபாதை போட்டுக் கொடுத்துக் காரிலிருந்து விடுவித்தார்கள். 2017ல் உட்வர்ட் அவென்யூவில் பளபளவென்று புது டிராம் ஓடியது. நீளம் 3.3 மைல். டவுன்டவுனையும் அதையடுத்த மிட்டவுனையும் தாண்டி அதிக தூரம் போகாது. தனியார் கொடையும் அறக்கட்டளைப் பணமும் சேர்ந்து ஓட்டியது. (மிட்டவுன் என்பதும் பூசப்பட்ட பெயர். குடிகாரர்களும் கலைஞர்களும் வீடற்றவர்களும் இருந்த காலத்தில் அதில் பெரும்பகுதி காஸ் காரிடார். பெயர் மாறினால் வாடகை மாறும்.)

இனி சாப்பாட்டுக்கு வருவோம். டெட்ராய்ட்டுக்கென்று ஒரு தெருச் சாப்பாடு உண்டு, கோனி. பன்னுக்குள் சாசேஜ், மேலே காரமான இறைச்சிக் குழம்பு, கடுகுச் சாந்து, பொடியாய் அரிந்த வெங்காயம். கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்த சகோதரர்கள் டவுன்டவுனில் அடுத்தடுத்துத் திறந்த இரண்டு கடைகள் நூறாண்டைத் தாண்டிய பெயர்கள். நம்மூர்ப் பரோட்டாக் கடை மாதிரிதான். ஷிப்டு முடிந்தவன் கையில் கறையோடு வந்து, சுருக்கத் தின்றுவிட்டுப் போக ஏற்பட்ட இடம். யாரும் 'உணவுப் பன்மை' என்று திட்டம் போட்டு அதை வரவழைக்கவில்லை. பக்கத்து டியர்பார்னில் அரபுச் சாப்பாடு வந்தது, ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு லெபனானிலிருந்தும் ஏமனிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்ததால். போலந்துக்காரர்களின் ஊராயிருந்த ஹாம்ட்ராமிக்கில் இன்று வங்காளிக் கடைகள் இருப்பதும் பிழைப்பு தேடி மனிதர்கள் வந்ததால்தான். முதலில் உழைப்பு வந்தது, பிறகு பசி, பிறகு அடுப்பு. இப்போதைய செய்முறை தலைகீழ். சமையல் வரட்டும், சமைக்கிறவன் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கட்டும். பன்மைக் கலாச்சாரம் நாக்கோடு நின்றுவிடுகிறது.

தட்டு கழுவுகிறவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மிச்சிகன் மாநிலத்தில் உணவகப் பரிமாறுகிறவருக்கான குறைந்தபட்சக் கூலி, மற்றவர்களுடையதில் 38 சதவீதம்தான் என்று நெடுநாள் இருந்தது. மீதியை வாடிக்கையாளர் தருகிற டிப்ஸ் நிரப்ப வேண்டும். 2018ல் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி இதை மாற்ற மனுக் கொடுத்தார்கள். சட்டமன்றம் ரொம்பச் சாமர்த்தியமாக, மனுவைச் சட்டமாக ஏற்றுக்கொண்டு, பிறகு அந்தச் சட்டத்தையே திருத்திக் குதறியது. 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில், தீர்ப்பு நடைமுறைக்கு வரும் தறுவாயில், சட்டமன்றம் மறுபடி திருத்தி, 38ஐக் கொஞ்சம் கொஞ்சமாக 50 சதவீதம் வரை மட்டும் ஏறவிட்டது. உணவகங்கள் ஊரைக் காப்பாற்றுகின்றன என்று சொல்லும்போது யார் கூலியில் காப்பாற்றுகின்றன என்பதும் சேர்ந்தே வர வேண்டும்.

நகர மையத்தின் மையம் கேம்பஸ் மார்ஷியஸ் பூங்கா. 2004ல் திறந்தார்கள். வைட் சொன்னது அப்படியே இருக்கிறது: இழுத்துப் போட்டு உட்காரும் நாற்காலிகள், சிற்றுண்டி, குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம், கோடையில் மணல் கொட்டிச் செயற்கைக் கடற்கரை. நல்ல பூங்கா என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நிலம் நகரத்துடையது, நிர்வாகம் தனியார் அமைப்புடையது. வீட்டு ஜப்தியை நிறுத்தக் கோரித் துண்டறிக்கை கொடுக்க வந்தவர்களையும், போருக்கு எதிராக நின்ற பெண்களையும் அங்கிருந்த காவலாளிகள் தடுத்தார்கள். 2015ல் சிவில் உரிமைச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் விதிகள் மாற்றப்பட்டன. ஷரோன் சூக்கின் 1995லேயே, நியூயார்க் பிரையன்ட் பூங்காவை வைத்து, காப்பிக் கோப்பையைக் கொண்டு பொது இடத்தைச் சாந்தப்படுத்துகிற வித்தையைப் பற்றி எழுதிவிட்டார். கேம்பஸ் மார்ஷியஸில் நாற்காலியை நகர்த்தலாம், துண்டறிக்கையை நகர்த்த வழக்கு வேண்டியிருந்தது. 'நாங்கள்' யார் என்பதற்கு ஓரளவு இங்கேயே பதில் கிடைக்கிறது.

மீதிப் பதில் கணக்கு வழக்கில். 2013 மார்ச்சில் மாநில ஆளுநர் ரிக் ஸ்னைடர், டெட்ராய்ட்டின் நிதி நிலைமை சரியில்லை என்று ஓர் அவசர நிர்வாகியை நியமித்தார். இப்படி ஊராட்சியை மேலிருந்து கைப்பற்றுவதற்கான சட்டத்தை அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2012 நவம்பரில், மாநில மக்கள் வாக்களித்து ரத்துசெய்திருந்தார்கள். டிசம்பரிலேயே வேறு பெயரில் சட்டம் திரும்ப வந்துவிட்டது. ஜூலையில் நகரம் திவாலானதாக மனுச் செய்தது. கடன் 1,800 கோடி டாலர் என்றார்கள், அமெரிக்க நகராட்சி வரலாற்றிலேயே பெரிய திவால். நகராட்சி ஓய்வூதியர்களுக்கு 4.5 சதவீத வெட்டு, விலைவாசிப் படியும் போயிற்று. 2014ல் பாக்கி வைத்திருந்த பல்லாயிரம் வீடுகளுக்குக் குடிதண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். ஐ.நா. நிபுணர்கள் வந்து பார்த்து மனித உரிமைப் பிரச்சினை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதே ஆண்டுகளில் வீட்டு மதிப்பைக் கூட்டிக் காட்டி, 2010க்கும் 2016க்கும் இடையில் குறைந்தது 60 கோடி டாலர் சொத்துவரி அதிகமாக விதிக்கப்பட்டது என்று 2020ல் டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை கணக்கெடுத்து வெளியிட்டது. கட்ட முடியாதவர்களின் வீடுகள் ஏலத்துக்குப் போயின.

தண்ணீர்க் குழாயை அடைத்த அதே 2014 ஜூலையில்தான் 'டிஸ்ட்ரிக்ட் டெட்ராய்ட்' அறிவிக்கப்பட்டது. லிட்டில் சீசர்ஸ் பீட்ஸாவில் சம்பாதித்த இலிட்ச் குடும்பத்தின் திட்டம். ஐம்பது தெருக்கட்டங்கள், ஐந்து புதிய வட்டாரங்கள், வீடுகள், கடைகள், உணவகங்கள், எல்லாம் நடந்து போகிற தூரத்தில். நடுவில் ஒரு ஹாக்கி அரங்கம். அரங்கம் 2017ல் வந்துவிட்டது. ஏறத்தாழ 86 கோடி டாலர் செலவில் 32 கோடிக்கு மேல் பொதுப்பணம். வட்டாரங்கள் வரவில்லை, பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிட்டன. வந்தவை கார் நிறுத்துமிடங்கள். நடக்கத்தக்க நகரம் என்று படம் போட்டுக் காட்டிய நிலத்தில் தார் ஊற்றிக் கோடு போட்டு, ஆட்ட நாளில் வண்டிக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். இந்தச் சொல்லாடலைக் கட்டுடைக்க நாம் சிரமப்பட வேண்டியதில்லை, அதுவே தன்னைக் கட்டுடைத்துக்கொண்டுவிட்டது.

நண்பர்கள் சிலர் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள். 'நீ சொல்கிற மாதிரி பார்த்தால் எதையுமே செய்ய முடியாது. காலிக் கட்டடம் காலியாகவே கிடந்தால் கறுப்பருக்கு என்ன லாபம்?' என்கிறார்கள். நியாயமான கேள்வி. 2013 வாக்கில் ஊரின் தெருவிளக்குகளில் ஐந்தில் இரண்டு எரியவில்லை. 2016 முடிவதற்குள் 65,000 புது விளக்குகள் போட்டார்கள், டவுன்டவுனில் மட்டுமல்ல, ஊர் முழுக்க. 1957க்குப் பிறகு முதல்முறையாக 2023ல் மக்கள்தொகை கொஞ்சம் ஏறியதாகக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டது. டவுன்டவுனில் சம்பளம் வாங்குகிறவர்கள் நகராட்சிக்கு வருமான வரி கட்டுகிறார்கள். இவையெல்லாம் பொய்யல்ல, எனக்கு இவற்றை மறுக்க வேண்டிய தேவையுமில்லை. ஆனால் தெருவிளக்கை நடைபாதைக் காப்பிக் கடை கொண்டுவரவில்லை. பொது அமைப்பு ஒன்று கடன் பத்திரம் போட்டுக் கொண்டுவந்தது. எது பொதுவேலையால் வந்தது, எது சந்தையால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாப் பெருமையையும் சாப்பாட்டு மேசைக்குக் கொடுப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மறுக்கிறேன்.

நம் ஊரில் இந்தச் சொல்லாடல் வந்து இறங்கிவிட்டது என்பதால் இந்தப் பிரித்தறிதல் அவசரமானது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை திறந்தபோது டெட்ராய்ட் பெருமை பேசினோம். 2021ல் மூடுவதாக அறிவித்து 2022ல் உற்பத்தியை நிறுத்தினார்கள், திரும்பி வருவதாக 2024ல் இன்னோர் அறிவிப்பு. ஆலை வரும், போகும், நிலம் மட்டும் இருக்கும் என்கிற டெட்ராய்ட் பாடத்தில் முதல் பக்கம் நமக்கு வந்துவிட்டது. இரண்டாவது பக்கமும் வந்துவிட்டது. 2014ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. 2019ல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகலமான பாதை, உட்கார பெஞ்சு, குழந்தைகள் ஓடுகிறார்கள், பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதே தெருவின் நடைபாதையில் வளையலும் ரிப்பனும் ரவிக்கைத் துணியும் விற்றுக்கொண்டிருந்தவர்களை 2013லேயே மாடிக் கட்டடத்துக்குள் ஏற்றியாயிற்று. முதலில் வியாபாரி, பிறகு அகலம். இந்த வரிசையை ஹேஸ்டிங்ஸ் தெருவை வைத்து வாசித்தால் சில விஷயங்கள் தெளிவாகும். தோழர்கள் சிலர் கார்களுக்கு எதிரான போராட்டம் என்கிற உற்சாகத்தில் இந்த வரிசையைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

டெட்ராய்ட்டிலேயே வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. கிரைஸ்லர் ஆலையில் 28 ஆண்டுகள் வேலை செய்த கறுப்புத் தொழிலாளி ஜேம்ஸ் பாக்ஸும், சீன வம்சாவளியில் வந்த தத்துவ மாணவி கிரேஸ் லீ பாக்ஸும் கணவன் மனைவியாக அந்த ஊரில் வாழ்ந்து, ஆலை திரும்பி வராது, இனி ஊரை இருக்கிறவர்கள் கையால்தான் கட்ட வேண்டும் என்று வாதாடினார்கள். 1992ல் இளைஞர்களைத் திரட்டிக் காலி மனைகளில் தோட்டம் போட வைத்தார்கள். ஜேம்ஸ் அடுத்த ஆண்டு இறந்தார். கிரேஸ் நூறு வயது வரை இருந்து 2015ல் இறந்தார். ரூஜ் பூங்காவில் கறுப்பர்களின் உணவு இறையாண்மை அமைப்பு ஏழு ஏக்கர் பண்ணை நடத்துகிறது. 2024 மே மாதம், அதே உட்வர்ட் அவென்யூவில், டிராம் எட்டாத நார்த் எண்டில், உறுப்பினர்களே உடைமையாளர்களாகிய ஒரு கூட்டுறவு மளிகைக் கடையைத் திறந்தார்கள். மாடியில் சின்ன வியாபாரிகள் வாடகைக்கு எடுத்துச் சமைக்கச் சமையற்கூடங்கள். நடந்து போகிற தூரத்தில் சாப்பாடு என்கிற அதே இரண்டு விஷயங்கள்தான். யார் பெயரில் பத்திரம் என்பதில் மட்டும் வித்தியாசம்.

பத்திரம் பற்றிய கேள்விதான் இப்போது ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த இடத்திலும் நிற்கிறது. நெடுஞ்சாலைப் பள்ளத்தை மூடி, தரைமட்டத்தில் மரங்களும் நடைபாதையும் உள்ள சாலையாக்கும் திட்டத்துக்கு 2022ல் மத்திய அரசு 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அநியாயத்துக்குப் பரிகாரம் என்று அமைச்சர்கள் பேசினார்கள். மூடினால் ஏறத்தாழ முப்பது ஏக்கர் நிலம் மிச்சமாகும். அது யாருக்கு என்று பிளாக் பாட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களும் அவர்களின் வாரிசுகளும் கேட்டார்கள். தெளிவான பதில் வரவில்லை. 2025ல், செலவு மதிப்பீடு எகிறிவிட்டது என்று சொல்லி மாநிலப் போக்குவரத்துத் துறை திட்டத்தை நிறுத்திவைத்தது. பள்ளம் மூடப்படவில்லை. அதற்குள் கார்கள் போய்க்கொண்டிருக்கின்றன.